அமெரிக்காவைப் படித்தவளுக்கு என்ன வேலை?

போன மாதம் அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. “உதைப் படிச்சுப்போட்டு என்ன வேலைக்குப் போறது?” 2008 இல் அம்மா என்னிடம் இதையே கேட்டார். அன்றைக்கு ‘உது’ என்றது எஃப்.யூ. எனப்படும் பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் வட அமெரிக்கக் கற்கைநெறியை. இன்றைக்கும் அதுவேதான். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் மாறியிருக்கிறாள். அக்காவின் மகள், என் பெறாமகள், வயது பதினெட்டு, அபிதூர் எழுதி முடித்துவிட்டாள், யூலை 15 க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அபிதூர் என்பது இங்கத்தைய உயர்தரப் பரீட்சை. பேர்லினில் அதன் ஐந்தாவது கூறுக்கு மாணவரே ஒரு தலைப்பைத் தெரிவுசெய்து, ஆராய்ந்து, பரீட்சகர்கள் முன்னால் நின்று பேசலாம். இவள் எடுத்த தலைப்பு, 1957 இல் ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் றொக் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள். ஜனாதிபதி ஐசன்ஹோவர் படையை அனுப்பிக் காவல் போட்டது பலருக்கும் தெரிந்த கதை. அவளைப் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்த வருடம். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று ஆளுநர் ஃபோபஸ் நகரின் பொது உயர்நிலைப் பள்ளிகளை 1958-59 கல்வியாண்டு முழுக்கப் பூட்டி வைத்தார். ஆசிரியர்களுடைய ஒப்பந்தம் மட்டும் பூட்டப்படவில்லை. அவர்கள் வேலைக்கு வந்து, பிள்ளைகள் இல்லாத வகுப்பறைகளில் இருந்துவிட்டுப் போனார்கள். இதைச் சொல்லித்தான் தான் அமெரிக்காவைப் பற்றிப் படிக்கப் போவதாக வீட்டில் அறிவித்திருக்கிறாள். அக்கா சொதியைக் கிண்டிக்கொண்டே, “சரி, பிறகு?” என்றாராம்.

அந்தப் ‘பிறகு’க்கு அவள் ஒரு கடதாசியில் நாலு பதில் எழுதி வைத்திருந்தாள். எஃப்.யூ.வில் வட அமெரிக்கக் கற்கை. அல்லது லேராம்ட், அதாவது ஆங்கில ஆசிரியராவதற்கான பாதை, அமெரிக்க இலக்கியமும் பண்பாடும் அதற்குள்ளேயும் வரும். அல்லது நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகம். அல்லது அமெரிக்காவுக்கே போய்ப் படிப்பது. அத்தானின் விருப்பமான வணிகம் பட்டியலில் இல்லாததால் அவர் அடியில் பென்சிலால் எழுதிவிட்டிருந்தார்.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். அமெரிக்காவில் நாலு வருடம் படிக்கும் செலவு எங்கள் குடும்பத்துக்கு எட்டாது. உதவிப்பணம் கிடைத்தாலும் வேலைக் கணக்கு ஒத்துவராது. மாணவர் விசாவில் பட்டம் முடித்தவருக்கு, படித்த துறையில் வேலைசெய்து பழக 12 மாதம் தருகிறார்கள். விஞ்ஞானம், பொறியியல், கணினி படித்தவருக்கு அதன்மேல் இன்னும் 24 மாதம். அமெரிக்கக் கற்கை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நாட்டின் வரலாற்றையும் அரசியலமைப்பையும் கரைத்துக் குடித்தவரை ஒரு வருடத்தில் அனுப்பிவிட்டு, நிரல் எழுதுபவரை மூன்று வருடம் வைத்திருக்கும் நாடு. அதுவே ஒரு பாடமாக இருக்கத் தகுந்தது. அதற்கு மேல், எச்-1பி என்ற வேலை விசாவில் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் புதிய ஆளுக்கு 1,00,000 டொலர் கட்டணம் என்று 2025 செப்டெம்பரில் வந்த அறிவிப்பு வேறு. இங்கே படித்துக்கொண்டே மாணவர் பரிமாற்றத்தில் ஓரிரு செமஸ்டர் போய் வரலாம், அங்கத்தைய கல்விக் கட்டணம் விலக்கப்பட்ட இடங்கள் உண்டு. போட்டி இருக்கும், ஆனால் கடன் இருக்காது. அந்த வரியை வெட்டினோம்.

கிரோனிங்கனையும் நீண்ட நேரம் பேசவில்லை. மூன்று வருடம், எல்லாம் ஆங்கிலத்தில், பட்டத்தின் பெயரே அமெரிக்கன் ஸ்டடீஸ். நெதர்லாந்தில் இந்தத் துறைக்கு வேர் இருக்கிறது. மிடில்பேர்க்கில் ரூஸ்வெல்ட் பெயரில் 1986 இலிருந்து ஒரு ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரசைக்கு 2025-26 க்கான கட்டணம் 2,601 யூரோ, பேர்லினில் செமஸ்டருக்குச் சில நூறு. பணத்தைவிட எனக்கு உறுத்தியது மொழி. முழுக்க ஆங்கிலத்தில் படித்துவிட்டு வெளியே வரும்போது அந்த ஊர் அலுவலகம் டச்சு கேட்கும். அவளிடம் இருப்பது ஜேர்மன். கடைசியில் வேலை தேடி இங்கேதான் வருவாள், ஆனால் இங்கே மூன்று வருடத்தில் சேர்ந்திருக்கக்கூடிய பகுதிநேர வேலை, பயிற்சி வேலை, தெரிந்த முகங்கள் ஒன்றும் இல்லாமல் வருவாள். வீட்டை விட்டு ஓட வேண்டும் என்பதுதான் காரணமென்றால் போகட்டும், அதுவும் ஒரு காரணம்தான். கேட்டேன். சிரித்துவிட்டு அதையும் வெட்டினாள்.

மிஞ்சியது இரண்டு. இரண்டும் பேர்லின், இரண்டுக்கும் கட்டணம் இல்லாத மாதிரித்தான். சண்டை இங்கேதான் தொடங்கியது.

எஃப்.யூ.வில் வட அமெரிக்கக் கற்கையை நடத்தும் நிறுவனம் டாலெம்-டோர்ஃப் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். நாசிகளிடமிருந்து 1938 இல் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய் பின்பு திரும்பி வந்த சட்டத்தரணி ஏர்ன்ஸ்ட் ஃபிரெங்கல் 1963 இல் தொடங்கியது. அந்த வருடம் யூனில் கென்னடி எஃப்.யூ.வுக்கு வந்து பேசிவிட்டுப் போனார், நவம்பரில் கொல்லப்பட்டார், நிறுவனம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அடுத்த வருடம், 1964 இல், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்கக் கற்கை ஆய்வு மையம் திறந்தார்கள். தமிழ்நாட்டில் அமெரிக்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவர்கள் அந்த நூலகத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே பனிப்போரில் பிறந்த இரண்டு பிள்ளைகள். அமெரிக்கா தன்னை விளங்கப்படுத்துகிற ஆட்களை உலகெங்கும் உருவாக்க விரும்பியது, காசும் கொடுத்தது. படித்து முடித்தவருக்கு அந்தக் காசில் ஓடிய வேலைகள் காத்திருந்தன, விரிவுரை, வானொலி, நூலகம், பரிமாற்றத் திட்டங்கள்.

அந்த ஏற்பாடு இப்போது தளர்ந்து போயிற்று. ஹைதராபாத் மையம் பெயர் மாறிச் சுருங்கியது. பேர்லின் விலங்கியல் பூங்கா நிலையத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கப் பண்பாட்டு நிலையமாக இருந்த அமெரிக்கா ஹவுஸில் 2014 இலிருந்து புகைப்படக் கண்காட்சி நடக்கிறது. 2025 இல் அமெரிக்க அரசின் வானொலியான வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா பெரும்பாலும் வாயடைத்துப் போனது, வொஷிங்டனின் வில்சன் சென்டர் என்ற ஆய்வு மையம் பெரும்பாலும் கலைக்கப்பட்டது, ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்தின் சபை உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அரசியல் தலையீடு என்று சொல்லிக் கூட்டமாக விலகினார்கள். அமெரிக்க உறவைப் பேணும் அமைப்புகள் என்றால், பேர்லினில் இன்னும் அஸ்பென் நிறுவனம் இருக்கிறது, ஜேர்மன் மார்ஷல் நிதியத்தின் அலுவலகம் இருக்கிறது, அட்லான்டிக்-புறுக்கே இருக்கிறது, கட்சிகளின் அறக்கட்டளைகள் வொஷிங்டனில் அலுவலகம் வைத்திருக்கின்றன. இவற்றில் வேலை செய்பவர்களில் எங்கள் நிறுவனத்தில் படித்தவர்களும் உண்டு. ஆனால் இடங்கள் கைவிரல் எண்ணிக்கை, அதற்கு வரிசையில் நிற்பவர்களில் சட்டமும் பொருளாதாரமும் படித்தவர்களும் அடக்கம். வெளிநாட்டமைச்சின் உயர்சேவைக்கு எந்தத் துறையில் மாஸ்டர் எடுத்தவரும் பரீட்சை எழுதலாம், ஜேர்மன் குடியுரிமை வேண்டும். அங்கும் எங்கள் பட்டத்துக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவை விளங்கப்படுத்த ஆள் வேண்டும் என்று எல்லாரும் சொல்லும் காலமும் இதுதான். சம்பளம் கொடுக்கும் இடங்கள்தான் குறைந்திருக்கின்றன.

அப்படியானால் அதைப் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? என்னோடு படித்தவர்களில் ஒருத்தி பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் இருக்கிறாள். ஒருவன் தொடர்களுக்கு ஜேர்மன் உபதலைப்பு எழுதுகிறான், இப்போது இயந்திரம் எழுதியதைத் திருத்துகிறான். ஒருத்தி பதிப்பகத்தில். இரண்டு பேர் மனிதவளப் பிரிவில், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவர்கூட அமெரிக்காவில் இல்லை.

என் கதை இது. முதல் ஒன்றரை வருடம் நேர்முகங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் என் சான்றிதழைப் பார்த்த மனிதர், “மூன்று வருடமும் படம் பார்த்தீர்களா?” என்று கேட்டார், பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் தோட்டக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. ஒருநாள் கலிபோர்னியாக் கடைச் சங்கிலி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் செடி வெட்டும் கத்தரிக்கோலின் இறப்பர்ப் பிடியில், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம். பொறியியலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கள் பிடி ஐரோப்பிய விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது, இவர்களுக்கு என்ன பைத்தியமா?” சட்டப் பிரிவு என்று எங்களிடம் ஒன்று இல்லை.

எனக்கு இரண்டாம் செமஸ்டர் ஞாபகம் வந்தது. ரயில் கம்பனியின் பிடியிலிருந்து அரசியலை எடுக்கவென்று 1911 இல் கலிபோர்னியா வாக்காளரே நேரடியாகச் சட்டம் கொண்டுவரும் முறையை ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் 1986 இல் வாக்காளர்கள் நிறைவேற்றியதுதான் 65 ஆவது முன்மொழிவு. பட்டியலில் உள்ள இரசாயனம் பொருளில் இருந்து, அது ஆளைச் சேரக்கூடுமென்றால் எச்சரிக்க வேண்டும். முக்கியமான பகுதி அதன் அமலாக்கம். அரசு மட்டுமல்ல, 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, அதற்குள் அரசு வழக்குப் போடாவிட்டால், தனியார் எவரும் பொதுநலன் என்று சொல்லிப் போடலாம். கடைக்காரர் பயந்தது புற்றுநோய்க்கு அல்ல, வழக்கறிஞருக்கு. எங்கள் பிடி நஞ்சு என்று அவர் சொல்லவேயில்லை. இதை இரண்டு பக்கத்தில் எழுதிப் பொறியியலாளரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். அதன் பிறகு அமெரிக்கா என்று தலைப்பில் போட்ட எந்தக் கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தது, விற்பனை வரி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் உத்தரவாதம், எல்லாம். அடுத்த வருடம் நிரந்தரமாக்கினார்கள்.

அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொல்லலாம். உண்மையான கணக்கு கொஞ்சம் வேறு. அந்தக் கடிதம் வந்திருக்காவிட்டால்? எஃப்.யூ. பட்டத்தில் மொத்தம் 180 கற்கைப் புள்ளிகள். 90 முதன்மைப் பாடம், 60 வேறு துறைப் பாடங்கள், 30 தொழிலுக்கான ஆயத்தம், அதற்குள் பயிற்சி வேலையும் அடங்கும். என்னை அந்த நிறுவனத்துக்குள் கொண்டுபோனது 60 க்குள் நான் முணுமுணுத்துக்கொண்டு எடுத்த பொருளாதாரமும், பயிற்சி வேலையில் பழகிய வணிகக் கடிதமும். அமெரிக்கக் கற்கையின் 90 வேலை தரவில்லை. வேலைக்குள் போன பிறகு, இன்னொருவரை என் இடத்தில் வைக்க முடியாதபடி செய்தது. எனவே அத்தானின் பென்சில் வரியில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். வணிகத்தை மட்டும் படித்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அவர்களால் அந்தக் கடிதத்தை வாசிக்க முடிந்தது, அதற்குப் பின்னால் 1911 இருந்ததைப் பார்க்க முடியவில்லை. அதே மாதிரி, எஃப்.யூ. நிறுவனத்தின் ஆறு துறைகளில், பண்பாடு, இலக்கியம், வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் என்பவற்றில், முதல் இரண்டை மட்டும் கட்டிக்கொண்டு இருந்தவர்கள்தான் வேலை தேடி அதிகம் அலைந்தார்கள். விதிவிலக்கு இருக்கலாம். 1957 இல் யேலில் அமெரிக்கக் கற்கையில் கலாநிதிப் பட்டம் எடுத்த ரொம் வுல்ஃப் பேராசிரியராகாமல் பத்திரிகைக்குப் போய்ப் பெயர் எடுத்தார். எங்கள் வகுப்பில் எல்லாரும் அவரைத்தான் உதாரணம் காட்டினோம். ஒருவரும் ரொம் வுல்ஃப் ஆகவில்லை.

இனி லேராம்ட். மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் கல்வியில் மாஸ்டர், பிறகு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு மாதப் பயிற்சிச் சேவை. ஆறரை வருடம். அக்காவுக்கு இது மருத்துவத்தைவிட நீளமாகத் தெரிந்தது. முடிவில் நிற்பது ஒரே ஒரு தொழில், ஆனால் அந்தத் தொழில் உண்மையில் இருக்கிறது. 2004 இலிருந்து ஆசிரியர்களை அரச ஊழியராக்காமல் வைத்திருந்த பேர்லின் இப்போது திரும்பவும் ஆக்குகிறது. நான் ஆறாவது வருடத்தில் வாங்கிய சம்பளத்தைவிடப் பயிற்சி முடித்த ஆசிரியர் முதல் மாதம் வாங்குவது அதிகம். இதைச் சொன்னபோது தொலைபேசியின் மறுபக்கத்தில் அக்காவின் கரண்டி நின்றது.

குறையும் உண்டு. இரண்டு பாடம் எடுக்க வேண்டும், அமெரிக்கா அதில் ஒரு பாடத்தின் ஒரு பகுதி. சேக்ஸ்பியரும் மொழியியலும் இலக்கணமும் கற்பித்தல் முறையும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தோடு வரலாறு என்பது எல்லாரும் எடுக்கும் சோடி, நல்ல பள்ளிக்கூடத்துக்கு நெரிசல். கணிதமோ பௌதிகமோ சேர்ந்தால் அதிபர்கள் கூப்பிட்டு எடுப்பார்கள். இவளுக்குக் கணிதம் சிறப்புப் பாடம். அதைத் தன் கடதாசியில் எழுதவே இல்லை, வெட்கப்படுகிற மாதிரி.

இரண்டையும் ஒப்பிடும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஒரு பாதையிலிருந்து மற்றதுக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பதுதான். லேராம்ட் இளங்கலையில் போதிய அமெரிக்கப் பாடங்கள் எடுத்தவள், வகுப்பறை பிடிக்கவில்லை என்று மூன்றாம் வருடம் கண்டுகொண்டால், ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கற்கை மாஸ்டருக்கு விண்ணப்பிக்கலாம். கணிதம் கையில் இருக்கும். எதிர்த்திசையில் வருவது கரடு. என் வகுப்பில் இரண்டு பேர் முப்பது வயதுக்குப் பிறகு பக்கவழியாக ஆசிரியராகப் போனார்கள். கையில் ஒரு பாடம்கூடச் சரியாக இல்லை, இரண்டாவதை வேலை செய்துகொண்டே படித்தார்கள். ஒருத்தி அந்த வருடங்களைப் பற்றிக் கதைக்கவே மாட்டாள்.

எனவே நான் படித்ததை நானே இவளுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பெரிய காரணம் சம்பளமும் இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் உதவி ஆசிரியராக நிற்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு. ஒரு பெடியனுக்கு ‘வலி’யும் ‘வழி’யும் ஒரே சத்தம். திருப்பித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள், அவன் அழுவான், அதுதான் நான் எதிர்பார்த்தது. இவள் அவனைக் கதவடியில் நிறுத்தி, “நான் ‘வழி’ எண்டா ஒரு அடி முன்னால வா, ‘வலி’ எண்டா ஐயோ எண்டு கத்து” என்றாள். முதலில் அவன் எல்லாவற்றுக்கும் கத்தினான். பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டான். வகுப்பு முழுக்கக் கதவடிக்கு ஓடியது.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன், உன்ர அபிதூர்ப் பேச்சில் ஆளுநர் எத்தனை நிமிசம், பள்ளிக்கூடம் எத்தனை நிமிசம் என்று. யோசித்தாள். “ஃபோபஸ் ரெண்டு நிமிசம், சின்னம்மா. மிச்சமெல்லாம் வகுப்பறைதான்.” பிறகு, “லேராம்ட் எண்டா அமெரிக்காவைக் கைவிடுறதோ?” என்று கேட்டாள்.

இல்லைப் பிள்ளை, என்றேன். உயர்வகுப்பு ஆங்கிலத்தில் அமெரிக்கா எப்படியும் வரும். அதைப் பாடப்புத்தகத்தின் நாலு பக்கத்தோடு முடிக்கிறவரும் உண்டு, லிட்டில் றொக்கின் வெறும் வகுப்பறையைக் கொண்டுவந்து வைக்கிறவரும் உண்டு. அங்கே போக வேண்டுமென்றால், அமெரிக்கக் கல்லூரியில் ஜேர்மன் கற்பிக்கும் உதவியாளராக ஒரு வருடம் போகும் ஃபுல்பிரைட் வழி ஆசிரியராகப் படிப்பவர்களுக்கும் இருக்கிறது. போய்வந்தவளை எந்தப் பள்ளிக்கூடமும் விரும்பும். எனக்குக் கிடைத்ததைவிட நல்ல வழி அது.

அவள் இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். ஹும்போல்டில் ஆங்கிலமும் கணிதமும், ஆசிரியராகும் தெரிவோடு, எஃப்.யூ.வில் வட அமெரிக்கக் கற்கை. அங்கே இடம் கிடைத்து அதையே எடுத்தால், 60 புள்ளிக்குப் பொருளாதாரம் எடுக்க வேண்டும், முணுமுணுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை கடதாசி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. போன கிழமை போனபோது பார்த்தேன், அடியில் பென்சிலால் எழுதியிருந்த வணிகத்தை யாரோ அழித்திருக்கிறார்கள். அத்தான் தான் இல்லை என்கிறார். அக்கா சொதியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.